அப்பாவுக்குத் தண்ணிக்குடம் தூக்கலாமா? லூக்கா 14:26 வாசிச்சுட்டு தூக்கம் வராம கேக்குறேன்

மஸ்கெலியா மகன் | செவ்வாய், இரவு 10.50

எல்லாருக்கும் தோத்திரம். இங்க நான் வாசிக்கிறதோட சரி, எழுதினது கிடையாது. இப்ப கேக்க வேற ஆள் இல்ல. நீளமா போனா பொறுத்துக்குங்க.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து இன்னைக்கு ஒம்பது நாள். ஆஸ்பத்திரியில இருந்து நேத்து "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும். லயத்துல, தோட்டத்து வரிசை வீட்டுல, முன் காம்பராவுல படுக்க வச்சிருக்கோம். பேச்சு இல்ல. கண்ணு மட்டும் ஆளைத் தேடுது.

நான் ஒரே மகன். தங்கச்சி ஒண்ணு, கட்டிக் குடுத்தாச்சு. இருபத்திரண்டு வயசுல ஞானஸ்நானம் எடுத்தேன், இப்ப முப்பத்தஞ்சு. வீட்டுல நான் மட்டுந்தான் விசுவாசி. அப்பா முப்பத்தெட்டு வருஷம் தேயிலைக் கவ்வாத்து வெட்டினவரு. மாசி மாசம் காமன் கூத்து போட்டா ரதி வேஷம் அவருதான் கட்டுவாரு. வயசான பொறகு பையன்களுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்தாரு. மாரியம்மன் கோயில் திருவிழான்னா ராத்திரி பகல் தெரியாது அவருக்கு.

நான் சபைக்குப் போக ஆரம்பிச்சப்ப ஏழு மாசம் என்கூட பேசல. சாப்பாட்டுத் தட்டைக் கூட அம்மா வழியாத்தான் கேப்பாரு. ஆனா எங்க சபைக்கு மலைக்குள்ள ஒரு கட்டை (மைல்) தூரம் நடக்கணும், மழைக்காலத்துல அட்டை காலை விடாது. அந்த ஏழு மாசமும் ஞாயித்துக்கிழமை காலையில இஸ்தோப்புல என் செருப்புக்குப் பக்கத்துல, அட்டை ஏறாம காலுல தேச்சுக்க, நனைச்ச சவுக்காரத் துண்டு ஒண்ணு இருக்கும். யாரு வச்சான்னு நான் கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல.

இப்ப விஷயத்துக்கு வாறேன். எங்க தோட்டத்துல புதைக்கிறதுதான் வழக்கம். ஆனாலும் மகன் தண்ணிக்குடத்தைத் தோளுல வச்சு மூணு சுத்து வரணும். எங்க பாஸ்டர்கிட்ட போய்க் கேட்டேன். நல்ல மனுசன்தான், எனக்குக் கஷ்டம் வந்தப்பல்லாம் வந்து நின்னவரு. அவரு பைபிளைத் திறந்து லூக்கா 14:26 வாசிச்சாரு. "யாதொருவன் என்னிடத்தில் வந்து, தன் தகப்பனையும் தாயையும்... வெறுக்காவிட்டால் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான்." பொறகு மத்தேயு 8:22. "மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம் பண்ணட்டும்." குடத்தைத் தொட்டா சபையில திருவிருந்து, அந்த அப்பமும் ரசமும், கிடையாதுன்னு சொன்னாரு.

நான் வசனத்தை எதிர்த்துப் பேச வரல. இயேசு சொன்னாருன்னா சொன்னாருதான். ஆனா அந்த "வெறுக்காவிட்டால்"ங்கிற சொல்லை வாசிச்சுட்டு அப்பா பக்கத்துல உக்காந்து அவரு வாயை ஈரத்துணியால தொடைக்க என்னால முடியல. கை நடுங்குது.

இன்னொண்ணும் இருக்கு. அப்பா எங்க போவாரு? "என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்"ங்கிற யோவான் 14:6 எனக்கு மனப்பாடம். அவரு கேள்விப்படாதவரு இல்ல. நானே பத்து தடவைக்கு மேல சொல்லியிருக்கேன்.

தலவாக்கலை சாட்சி | செவ்வாய், இரவு 11.30

தம்பி, முதல்ல உங்க அப்பாவுக்காக ஜெபிக்கிறேன்.

நான் மெழுகு பூசாம பேசுறேன், ஏன்னா நானும் இந்த வழியா வந்தவன். எங்க அம்மா 2009ல தவறினாங்க. நான் மூத்தவன். கொள்ளிச் சடங்கு எதுவும் செய்யல. சொந்தக்காரங்க பொம்பள ஆளுங்க வரைக்கும் காறித் துப்பினாங்க. நான் விலகிப் போய் கொழுந்து நிறுக்குற மடுவத்துக்குப் பின்னால நின்னு அழுதேன். இன்னும் அந்த அழுகை எனக்குள்ள இருக்கு. ஆனாலும் நான் செஞ்சது சரின்னுதான் இன்னைக்கும் நம்புறேன்.

1 கொரிந்தியர் 10:21 பாருங்க. "நீங்கள் கர்த்தருடைய பாத்திரத்திலும் பேய்களுடைய பாத்திரத்திலும் பானம்பண்ணக்கூடாதே." நமக்குப் பிடிச்ச வசனத்தை மட்டும் எடுத்து, வலிக்கிற வசனத்தை விட்டா அது விசுவாசம் இல்ல. யோவான் 6இல் "இது கடினமான உபதேசம்"னு சொல்லிட்டு நிறையப் பேர் போயிட்டாங்க. ஆண்டவர் அவங்களைக் கூப்பிட்டு "இல்ல இல்ல, நான் சொன்னது வேற"ன்னு சமாதானம் சொல்லல.

உங்க பாஸ்டர் உங்களை நேசிக்கிறதாலதான் கண்டிப்பா பேசுறாரு.

டிக்கோயா டீச்சர் | புதன், காலை 5.15

மகன், உங்கள் பதிவை வாசித்துவிட்டு ஜெபத்தில் இருந்தேன். முப்பது வருடம் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் குடும்பம் தமிழ் கூலி மிஷன் காலத்திலிருந்தே சபையில் இருக்கிறது. அந்த மிஷன் கண்டியில் 1854இல் தொடங்கியது. எங்கள் பூட்டனார் முதல் தலைமுறை விசுவாசி. ஆகவே நீங்கள் இன்று நிற்கிற இடத்தில் எங்கள் வீட்டிலும் ஒருவர் நின்றிருக்கிறார்.

முதலில் அந்த "வெறுத்தல்" என்ற சொல். உங்கள் கையிலுள்ள பழைய மொழிபெயர்ப்பில் ஆதியாகமம் 29:31ஐ எடுத்துப் பாருங்கள். யாக்கோபு ராகேலை அதிகமாக நேசித்தான், "லேயாள் அற்பமாய் எண்ணப்பட்டாள்" என்று இருக்கும். எபிரெயத்தில் அந்த இடத்தில் இருப்பது "வெறுக்கப்பட்டாள்" என்ற சொல்தான். இரண்டு பேரில் ஒருத்தி முதல், மற்றவள் பிறகு என்பதை அவர்கள் மொழியில் நேசித்தான், வெறுத்தான் என்றே சொல்லுவார்கள். லேயாளுக்கும் அவன் புருஷனாகத்தான் இருந்தான், பிள்ளைகளும் பிறந்தன. நம்முடைய மொழிபெயர்ப்பாளர் லேயாளுக்கு இரங்கி வேறு சொல் போட்டார்கள், லூக்காவில் அப்படியே விட்டுவிட்டார்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதே லூக்கா வசனம் "என்னைவிட மேலாகக் கருதினால்" என்று இருக்கிறது. மத்தேயு 10:37உம் அதைத்தான் சொல்லுகிறது: "என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்."

ஆனால் இதைச் சொல்லி அந்த வசனத்தின் பல்லைப் பிடுங்கிவிட எனக்கு விருப்பமில்லை. தலவாக்கலைத் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. திரளான ஜனங்கள் கூட வந்தபோது, எருசலேமுக்குச் சாகப் போகிற வழியில், திரும்பிப் பார்த்து ஆண்டவர் சொன்ன சொல் அது. அந்த வரிசையின் கடைசியைக் கவனியுங்கள், "தன் ஜீவனையும்" என்று முடிகிறது. வெறுக்கச் சொன்னது அப்பாவைத் தள்ளிவிடுவதற்கு என்றால், தன்னைத்தானே தள்ளிவிடவும் அல்லவா சொன்னதாகிவிடும்?

"மரித்தோர்" வசனத்துக்கு ஒரு சுலபமான விளக்கம் உண்டு. அந்த மனுஷனின் தகப்பன் இன்னும் சாகவில்லை, "அப்பா காலம் முடிந்தபின் வருகிறேன்" என்று அவன் சாக்குச் சொன்னான் என்பார்கள். யூதர் அன்றைக்கே அடக்கம் செய்கிறவர்கள், சாவு வீட்டு மகன் ரோட்டில் நிற்க மாட்டான் என்பது அதற்குக் காரணம். இருக்கலாம். நானே வகுப்பில் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் வசனத்தில் அப்படி எழுதியில்லை, ஆகையால் இப்போதெல்லாம் அதன்மேல் முழுப் பாரத்தையும் வைப்பதில்லை. அந்தச் சொல் கூர்மையாகவே இருக்கட்டும். அதைச் சொன்னவர்தான் மாற்கு 7இல், கொர்பான், அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களைக் கடிந்துகொண்டவர். சிலுவையில் மூச்சு வாங்கும்போதும் தாயை ஒருவன் கையில் ஒப்படைத்தவர். இந்த மூன்றும் ஒரே வாயிலிருந்து வந்தவை. ஒன்றை வைத்து மற்றதை அழிக்க நமக்கு உத்தரவு இல்லை.

இன்று காலை அப்பாவின் வாயைத் துடைத்துவிடுங்கள், மகன். அதற்கு எந்த வசனமும் தடை இல்லை.

கொழுந்துமலை அக்கா | புதன், மதியம் 12.40

சாப்பாட்டு நேரத்துல ஃபோன்ல எழுதுறேன், பிழை இருந்தா மன்னிங்க. நான் பதினெட்டு வருஷமா கொழுந்து எடுக்குறேன். எனக்குக் கடினமான வசனம் 1 பேதுரு 2:18. "முரட்டுக்குணமுள்ளவர்களுக்கும் கீழ்ப்படிந்திருங்கள்." எங்க தோட்டத்துல நிறுவைக்கு ரெண்டு கிலோ குறைஞ்சா அரைப்பேர், பாதி நாள் சம்பளம், போடுவாங்க. நாள் முழுக்க மழையில நனைஞ்சு அரைப்பேர். ஒரு தடவை நாங்க பொம்பளைங்க நாலு பேர் கேக்கப் போனோம். அந்த ஞாயிறு ஆராதனையில இந்த வசனத்தை வாசிச்சாங்க. எங்களுக்குத்தான் வாசிச்சாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

நான் சபையை விடல. வீட்டுக்கு வந்து அந்த நிருபத்தை மொதல்ல இருந்து வாசிச்சேன். பொறகு அதுக்கு முன்னால இருக்குற யாக்கோபு. 5:4ல "அறுத்தவர்களுடைய கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது"ன்னு இருக்கு. பிடிச்சு வச்ச கூலியே கத்துதாம். 2021ல நாள் சம்பளம் ஆயிரம் ரூபா ஆக்கினப்போ கிலோவையும் கூட்டினாங்களே, அப்ப இந்த வசனத்தை யாரும் துரைமாருக்குப் போய் வாசிச்சுக் காட்டல. கடினமான வசனம் ஏன் எப்பவும் கீழ நிக்கிறவனுக்கே வாசிக்கப்படுதுன்னு எனக்கு ஒரு வருத்தம்.

பேதுரு எழுதினதை நான் அடிச்சுப் போடல. அடிமையா இருந்து அடி வாங்கினவங்களுக்கு அவர் எழுதுறாரு, "கிறிஸ்துவும் இப்படிப் பாடுபட்டார்"னு. துரை பக்கம் நின்னு எழுதல, அடிபட்டவன் பக்கத்துல உக்காந்து எழுதுறாரு. அது புரிஞ்ச பொறகு எனக்கு அந்த வசனம் வேற மாதிரிக் கேக்குது.

தம்பி, உங்க கதைக்கு இது நேரா பதில் இல்ல. உங்களுக்கு வாசிச்ச வசனத்தைச் சுத்தி என்ன இருக்குன்னு பாருங்க, அவ்வளவுதான். பெல் அடிக்கப் போறாங்க.

ராகலை தம்பி | புதன், மாலை 6.20

நான் கிறிஸ்தவன் இல்லை. எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனால் இதை வாசித்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை.

எங்கள் அண்ணன் உங்களைப் போல. அப்பா இறந்து பதினொரு வருஷம். அண்ணன் வந்தான். ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. மேல் ரோட்டில், தேயிலை ஓரமாக, குடை பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் அவன் சபைக்காரர் இரண்டு பேர். தப்பு மேளச் சத்தம் கேட்டதும் இன்னும் கொஞ்சம் மேலே ஏறிப் போய் நின்றான். நான்தான் குடம் தூக்கினேன். அப்போது எனக்குப் பதினேழு வயசு.

குடத்தை அவன் தூக்கவில்லை என்று நான் கோபப்படவில்லை. அது அவன் நம்பிக்கை. பாடையைத் தூக்க மழையில் ஆள் பத்தவில்லை, மேட்டில் வழுக்கிக்கொண்டிருந்தோம். அவன் இறங்கி வந்து தோள் கொடுக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. பாடைக்குத் தோள் கொடுப்பதில் எந்தச் சாமி இருக்கிறது?

குடத்தைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். எங்கள் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தது, அந்தக் குடம்தான் உடம்பு, உள்ளே தண்ணீர் உயிர். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஓட்டை போடுவார்கள், தண்ணீர் மண்ணோடு போகும். கடைசியில் திரும்பிப் பார்க்காமல் பின்னால் போட்டுவிட்டு நடக்க வேண்டும். நாங்கள் குடத்தைக் கும்பிடுவதில்லை.

அண்ணனும் நானும் இப்போது பேசுகிறோம். ஆனால் அந்த நாளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

தலவாக்கலை சாட்சி | புதன், இரவு 9.05

ராகலைத் தம்பி, நீங்க எழுதினதை மூணு தடவை வாசிச்சேன்.

நான் அம்மாவுக்குத் தோள் குடுக்கல. அதை நான் மேல எழுதல. சடங்கு வேண்டாம்னு முடிவெடுத்தேன், சரி. ஆனா தோள் குடுக்கக் கூடாதுன்னு எந்த வசனமும் சொல்லல. பயம்தான். கிட்ட போனா இழுத்துடுவாங்கன்னு பயம். அதை நான் வைராக்கியம்னு நினைச்சுட்டு இருந்திருக்கேன்.

குடத்தைப் பத்தி என் முடிவு மாறல.

பண்டாரவளை ஸ்டெல்லா | வியாழன், காலை 7.30

நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் பக்கம் நடந்த ஒரு கதை இந்த இழைக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

சீனாவில் கிறிஸ்தவர்களானவர்கள் செத்துப்போன தாய் தகப்பனின் பெயர்ப்பலகை முன்னால் தலை குனிந்து மரியாதை செய்வார்கள். அது வழிபாடா, மரியாதையா என்று குருமார் சபைகளுக்குள்ளேயே பெரிய சண்டை. 1742இல் பாப்பரசர் 14ஆம் ஆசீர்வாதப்பர் அடியோடு தடை போட்டார். 1744இல் அவர் மதுரைப் பக்கத்துச் சபைகளையும் விடவில்லை. ராபர்ட் தெ நொபிலி 1606இல் வந்து தமிழர் வழக்கங்களோடு சுவிசேஷம் சொன்ன வழிக்கும் கட்டுப்பாடு விழுந்தது. பிறகு 1939இல் 12ஆம் பத்திநாதர் காலத்தில், அந்த மரியாதை குடும்பத்துக்கும் ஊருக்கும் உரிய மரியாதை, பாவம் இல்லை என்று சீனத் தடையை நீக்கினார்கள். நடுவில் கிட்டத்தட்ட இருநூறு வருஷம். அந்த இருநூறு வருஷத்தில் எத்தனை மகன்மார் வீட்டுக்கு வெளியே நின்றிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. தடையை மதித்து வெளியே நின்றவர்களும் கடவுளுக்காகத்தான் நின்றார்கள்.

எங்கள் பங்குச் சாமியிடம் உங்கள் விஷயத்தை, ஊர் பெயர் சொல்லாமல், கேட்டேன். அவர் 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தைக் காட்டினார். சீரியாவின் படைத்தலைவன் நாமான் குஷ்டம் சுகமாகி, இனி இஸ்ரவேலின் கடவுளைத் தவிர வேறு யாருக்கும் பலியிட மாட்டேன் என்கிறான். அடுத்த மூச்சிலேயே ஒரு மன்னிப்புக் கேட்கிறான். என் ராசா ரிம்மோன் கோவிலில் குனியும்போது என் கையில் சாய்ந்துகொள்வார், நானும் குனிய வேண்டி வரும், அதை மன்னிக்கவேண்டும் என்கிறான். அவனைச் சுகமாக்கிய தீர்க்கதரிசி எலிசா சொன்னது ஒரே வார்த்தை: "சமாதானத்தோடே போ."

தலவாக்கலை சாட்சி | வியாழன், காலை 8.10

சிஸ்டர், அந்த இடம் எனக்குத் தெரியும். எலிசா "செய்யலாம்"னும் சொல்லல, "செய்யாதே"ன்னும் சொல்லல. அதை அனுமதியா எடுத்துக்க முடியாது.

டிக்கோயா டீச்சர் | வியாழன், காலை 8.45

உண்மை தம்பி. அனுமதி என்று எழுதியில்லை. ஆனால் தீர்க்கதரிசி அவனைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை. சுகமானவனைத் தன் தேசத்துக்கு, தன் ராசாவிடம், சமாதானத்தோடு அனுப்பினார். நாமானும் அதை நியாயப்படுத்தவில்லை, "மன்னிப்பாராக" என்றுதான் கேட்டான். எனக்கு அந்த வார்த்தைதான் முக்கியமாகப் படுகிறது.

கொஸ்லாந்தை பேத்தி | வியாழன், இரவு 8.00

மஸ்கெலியா அண்ணே, நீங்க கேட்ட ரெண்டாவது கேள்வியை யாரும் தொடல. அப்பா எங்க போவாருங்கிறது. எனக்கும் அந்தக் கேள்வி இருந்துச்சு, அதனால எழுதுறேன்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில மீரியபெத்தையில மலை சரிஞ்சு லயங்களை மூடினப்போ எங்க அம்மாயியும் மாமா வீட்டாரும் அதுக்குள்ள. தீபாவளி முடிஞ்சு ஒரு வாரம். பலகாரம் செஞ்ச தாச்சிச் சட்டியைத் திருப்பிக் குடுக்க நான் முந்தின நாள்தான் போயிட்டு வந்தேன். நாங்க முகாமுல இருந்தப்ப வெளிய இருந்து ஒரு பிரசங்கியார் வந்தாரு. அரிசி, பால்மா எல்லாம் கொண்டு வந்தாரு, அதுக்கு நன்றி. ஆனா ஜெபத்துக்கு நடுவுல, விக்கிரகத்தைக் கும்பிட்டதால வந்த தண்டனைன்னு சொன்னாரு. எங்க அம்மா என் கையை அப்படியே விட்டுட்டாங்க. அந்த மலை ஆபத்துன்னு 2005லயும் 2011லயும் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிச்சிருந்துச்சு. போறதுக்கு இடம் குடுக்காம ஜனங்களை அங்கேயே விட்டது யாரு பாவம்?

ரெண்டு நாள் கழிச்சு ஒரு வயசான சபை ஐயர் வந்தாரு. பிரசங்கம் பண்ணல. சேத்துத் தரையில சாக்குப் போட்டு உக்காந்து லூக்கா 13 மட்டும் வாசிச்சாரு. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தாங்களே, அவங்க மத்தவங்களை விடக் குற்றவாளிகளான்னு ஆண்டவரே கேட்டு, "அப்படியல்ல"ன்னு ஆண்டவரே சொல்றாரு. அடுத்த வரி, "நீங்கள் மனந்திரும்பாமற்போனால்"னு கேட்டவங்க பக்கம் திரும்புது. செத்தவங்களைப் பத்திக் கணக்குப் போட வந்தவங்களுக்கு அவர் செத்தவங்க கணக்கைக் குடுக்கல.

நான் அதை அப்படியே பிடிச்சுக்கிட்டேன். நரகம் இல்லன்னு நான் சொல்லல, அதைப் பத்தி அதிகம் பேசினதே இயேசுதான். யோவான் 14:6 பொய்னும் சொல்லல. அவராலேயல்லாம யாரும் போக முடியாதுன்னா, எங்க அம்மாயி அவரைத் தாண்டி எங்கேயும் போயிட முடியாதுன்னும் நான் எடுத்துக்குறேன். மண்ணுக்குள்ள அந்தக் கடைசி மூச்சுல யாரு அவங்க பக்கத்துல இருந்தாருன்னு எனக்குத் தெரியாது. ஆபிரகாம் கேட்டது மாதிரி, "சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ?" அந்தக் கேள்வியிலதான் நான் பத்து வருஷத்துக்கு மேல குடியிருக்கேன். ராத்திரி சில நாள் கஷ்டமா இருக்கும். ஆனா வேற இடத்துக்குப் போக மனசு வரல.

பண்டாரவளை ஸ்டெல்லா | வியாழன், இரவு 9.20

தங்கச்சி, உங்களைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றி எழுதிய ஏட்டில், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர்கள் உண்மையான இதயத்தோடு கடவுளைத் தேடினால் மீட்பு அடையலாம் என்று இருக்கிறது. மகன் சொல்வார், "எங்கப்பா அறியாதவர் இல்லையே, நான் சொன்னேனே" என்று. தம்பி, ஏழு மாசம் பேசாத வீட்டில் நீங்கள் சொன்னது அவர் காதில் சுவிசேஷமாக விழுந்ததா, தன் சாமியையும் கூத்தையும் மகன் ஏசுகிறான் என்று விழுந்ததா? எங்களுக்குத் தெரியாது. கடவுளுக்குத் தெரியும்.

மஸ்கெலியா மகன் | அடுத்த வாரம் வியாழன், இரவு 11.10

அப்பா சனிக்கிழமை விடியக்காலை நாலு மணிக்குத் தவறிட்டாரு. ஞாயித்துக்கிழமை எடுத்தோம்.

உங்க எல்லாரோட பதிவையும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். அம்மா ராகலைத் தம்பி எழுதினதைக் கேட்டுட்டு, "அந்தப் புள்ள பதினேழு வயசுல தூக்குச்சா"ன்னு அதையே ரெண்டு தடவை கேட்டாங்க. வேற ஒண்ணும் சொல்லல.

கடைசி மூணு நாள் நான் அப்பா பக்கத்துலயே இருந்தேன். ஸ்டெல்லா அக்கா கேட்ட கேள்வி நெஞ்சுல குத்துச்சு. நான் அவருக்கு என்ன சொல்லியிருக்கேன்னு யோசிச்சுப் பாத்தேன். "அது பேய், இது பேய்"னு சொன்னதுதான் நிறைய. இயேசு எனக்கு என்ன செஞ்சாருன்னு சொன்னது ரொம்பக் கம்மி. அதனால வெள்ளிக்கிழமை ராத்திரி அதை மட்டும் சொன்னேன். சவுக்காரத் துண்டைப் பத்தியும் சொன்னேன். அவருக்குக் கேட்டுச்சா தெரியாது. இடது கையால என் விரலைப் பிடிச்சிருந்தாரு, அந்தப் பிடி தளரல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும், அதுக்கு மேல கதை கட்ட மாட்டேன்.

ஞாயிறு காலையில பெரியப்பாகிட்டயும் கோயில் கமிட்டி ஆளுங்ககிட்டயும் முன்னாடியே பேசினேன். தண்ணி ஊத்துறேன், தோள் குடுக்குறேன், குழியில மண் தள்ளுறேன், குடம் தூக்குறேன். ஆனா சூடம் காட்டிக் கும்பிட மாட்டேன், நான் இயேசுவைக் கும்பிடுறவன்னு சொன்னேன். ரெண்டு பேர் சத்தம் போட்டாங்க. பெரியப்பாதான், "சூடத்தை நான் காட்டுறேன், குடத்தை அவன் தூக்கட்டும், அவன் அப்பன் குடம்"னு முடிச்சாரு.

மூணு சுத்து வந்தேன். ஒவ்வொரு ஓட்டைக்கும் தண்ணி முதுகுல சில்லுன்னு இறங்குச்சு. மொத சுத்துலயே, "இதைக் கர்த்தர் எனக்கு மன்னிப்பாராக"ன்னு சொல்லிட்டேன். ரெண்டாவது சுத்துல "மண்பாண்டங்களில் பெற்றிருக்கிறோம்"ங்கிற பவுலோட வசனம் தானா வாயில வந்துச்சு. மூணாவது சுத்துல ஒண்ணும் சொல்ல முடியல.

நான் செஞ்சது சரின்னு நிரூபிக்க இதை எழுதல. செவ்வாய்க்கிழமை பாஸ்டர் வீட்டுக்கு வந்தாரு. அம்மாகிட்ட உக்காந்து ரொம்ப நேரம் பேசினாரு, அழுதாரு. போகும்போது என்னைத் தனியாக் கூப்பிட்டு, திருவிருந்தைப் பத்தி சொன்னதுல மாத்தம் இல்லன்னாரு. எவ்வளவு நாளைக்குன்னு சொல்லல. நான் எதிர்த்துப் பேசல. வேற சபைக்கு வாங்கன்னு ரெண்டு பேர் கூப்பிட்டாங்க. போகல. வர்ற ஞாயிறு கடைசி பெஞ்சுல உக்காருவேன். அப்பத்தட்டு என்னைத் தாண்டிப் போகும். "நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ"ன்னு கேட்டவருக்குப் பேதுரு சொன்ன பதில்தான் என்கிட்டயும் இருக்கு. யாரிடத்தில் போவேன்?

லூக்கா 14:26 இன்னும் எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இப்ப அதை அப்பா படுத்திருந்த இடத்துல உக்காந்து வாசிக்க முடியுது.

கொழுந்துமலை அக்கா | வியாழன், இரவு 11.25

ஐயோ தம்பி. அம்மாவைப் பாத்துக்குங்க. தங்கச்சி கூட இருக்காளா?

ராகலை தம்பி | வெள்ளி, காலை 6.00

அம்மாவிடம் சொல்லுங்கள், நான் தூக்கினேன், கனமாக இருக்கவில்லை என்று.

இந்த இழையை நேற்று அண்ணனுக்கு அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை. வாசித்துவிட்டான் என்று ஃபோன் காட்டுகிறது.

தலவாக்கலை சாட்சி | வெள்ளி, காலை 6.40

தம்பி, குடம் தூக்கினது தப்புன்னுதான் நான் இன்னும் நினைக்கிறேன். மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. உங்க பாஸ்டர் இடத்துல நான் இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன்.

ஆனா ஞாயித்துக்கிழமை நீங்க கடைசி பெஞ்சுல தனியா உக்கார வேண்டாம். நான் காலையில வாறேன். நானும் அப்பம் எடுக்காம உங்க பக்கத்துல இருக்குறேன். எங்க அம்மாவுக்குத் தோள் குடுக்காத கணக்கு ஒண்ணு எனக்கும் ஆண்டவர்கிட்ட பாக்கி இருக்கு. ஹட்டனுக்கு வந்துட்டு எந்த பஸ் எடுக்கணும், எங்க இறங்கணும்னு எழுதுங்க.

மஸ்கெலியா மகன் | வெள்ளி, காலை 7.15

அண்ணே, ஹட்டன்ல இருந்து மஸ்கெலியா பஸ் எடுங்க. டவுனுக்கு வந்து ஒரு கோல் குடுங்க, நான் ரோட்டுக்கு வாறேன். ஆராதனை ஒம்பதரைக்கு. மலைக்குள்ள ஒரு கட்டை நடக்கணும், ரெண்டு நாளா மழை, அட்டை கூடுதல். நீங்க ஒண்ணும் கொண்டு வர வேண்டாம். சவுக்காரம் நான் நனைச்சு வைக்கிறேன்.